துவைக்கக் கூடாத சிவப்பு காஸ்ட்யூம்

உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்களில் உடம்பைப் பற்றி எதுவுமே தெரியாத கூட்டம் ஒன்று உண்டென்றால் அது மல்யுத்தக்காரர்கள்தான். நான் அந்தக் கூட்டத்தில் பல வருஷம் புரண்டவன். பிறகு அவர்களுக்கே வைத்தியம் பார்க்க உட்கார்ந்தவன். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. யாருக்காவது மனவருத்தம் இருந்தால் கிளினிக்குக்கு நேரில் வந்து சொல்லலாம். வரமாட்டார்கள். ஊசி போட்டுவிடுவேன் என்று பயம். எண்பது கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிறவன் ஊசியைப் பார்த்தால் அம்மாவைக் கூப்பிடுவான்.

விளையாட்டு மருத்துவம் படித்துவிட்டு 2004இல் ஊருக்குத் திரும்பினேன். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கிளினிக் வைத்தேன். பலகையில் ‘விளையாட்டு மருத்துவர்’ என்று எழுதியதில் வந்தது வினை. கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒருவர் படியேறி வந்து, முதுகுவலி என்றார். பரிசோதிக்க எழுந்தேன். “இருக்கட்டும் தம்பி, நெஜ டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டார்.

அந்த மரியாதைகூட மல்யுத்தக்காரர்களிடம் கிடைக்கவில்லை. அவர்கள் நோய்க்காக வரவே மாட்டார்கள். எடை ஏற ஊசி இருக்கிறதா, எடை இறங்க மாத்திரை இருக்கிறதா என்று கேட்க வருவார்கள். ஒரே ஆளே ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்டதுண்டு. முழங்கால் வீங்கி இருப்பவனிடம் ஓய்வு எடு என்றால், ஓய்வு எடுத்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று எனக்கே பாடம் எடுப்பான்.

அவர்களுக்கெல்லாம் மாஸ்டர் என்று ஒருவன் இருந்தான். நானும் அவனும் சின்ன வயதில் ஒரே கொட்டகையில் குஸ்தி பழகியவர்கள். பயிற்சியில் பெரும்பாலும் அவன்தான் என்னைக் கீழே போடுவான். அந்த ஒரு காரணத்துக்காகவே, மருத்துவ விஷயத்திலும் தனக்கே ஜாஸ்தி தெரியும் என்பது அவன் முடிவு. என்னை மச்சான் என்பான். நான் எது சொன்னாலும், “உனக்குப் படிப்புதான் மச்சான் வந்துச்சு, குஸ்தி வரல” என்று முடித்துவிடுவான்.

கொட்டகை கடலூர் முதுநகர்ப் பக்கம், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. உள்ளே ஒரே ஒரு மேட், குஸ்தி போடுகிற மெத்தை. அரசியல்வாதி ஒருவர் வாங்கிக் கொடுத்தது. அவர் பெயரை ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, தேங்காய் உடைப்பார்கள். மற்றபடி வருஷம் பூராவும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. தண்ணீர் பட்டால் பிடி போய்விடுமாம். முப்பது பேர் தினமும் இரண்டு வேளை வெற்றுடம்பை அதில் தேய்த்தார்கள். முகம், கழுத்து, அக்குள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மேட்டாவது பரவாயில்லை. அந்த காஸ்ட்யூம்தான் என்னைப் படுத்தியது.

மல்யுத்தத்தில் ஒருவர் சிவப்பும் மற்றவர் நீலமும் போட வேண்டும். தோளில் பட்டை வைத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும் அந்த ஆடையைத்தான் எங்கள் ஆட்கள் காஸ்ட்யூம் என்பார்கள். எங்கள் கொட்டகையிலிருந்து ஒரே ஒருவன் மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கியிருக்கிறான். அதை வைத்துப் பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலைக்குப் போய்விட்டான். போகும்போது, ஜெயித்த அன்று போட்டிருந்த சிவப்பு காஸ்ட்யூமைக் கொட்டகைக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து அது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. போட்டிக்குப் போகிற யாராக இருந்தாலும் கடைசிப் பயிற்சியில் ஒருமுறை அதைப் போட்டாக வேண்டும். போட்டியிலும் சிவப்பு விழுந்தால் அதைத்தான் போட வேண்டும். துவைக்கக் கூடாது. துவைத்தால் அதில் இறங்கியிருக்கிற ராசி போய்விடும்.

அதில் இறங்கியிருந்தது என்னவென்று எனக்கு அடுத்த கோடையில் தெரிந்தது. ஒரு பையன் இடது தோளைச் சொறிந்துகொண்டு வந்தான். படர்தாமரை. இரண்டு நாள் கழித்து இன்னொருவன் வந்தான். அவனுக்கும் இடது தோள், அதே இடம். அப்புறம் மூன்றாவது ஆள். சந்தேகம் வந்து கொட்டகைக்கே போய்ப் பையன்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோளில் பட்டை உட்காருகிற இடம், முதுகில் தையல் ஓடுகிற இடம், தொடையில் ஓரம் இறுக்குகிற இடம். காஸ்ட்யூமைக் கழற்றின பிறகும் அவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டே போனான். முகத்தில் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். பெருமை வந்தது.

“அப்ப சேம்பியனோட ஆசி எல்லாருக்கும் எறங்கியிருக்குன்னு சொல்லு மச்சான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். மாத்திரை, களிம்பு, ஒன்றரை மாதம் மேட்டில் இறங்கக் கூடாது என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கிளினிக்குக்கு எதிரில் இருந்த மெடிக்கல் ஷாப்பில் போய் ஒரு க்ரீம் வாங்கினார்கள். அந்த க்ரீமை நான் எட்டு வருஷம் திட்டியிருக்கிறேன். அதில் பூஞ்சைக்கு மருந்து பேருக்கு இருக்கும். ஸ்டீராய்டு தாராளமாக இருக்கும். தடவினால் மூன்றே நாளில் அரிப்பு அடங்கி, சிவப்பு மங்கி, தோல் பளபளவென்று ஆகிவிடும். உள்ளே பூஞ்சை சாவகாசமாகப் பரவும். நிறுத்தினால் இரண்டு மடங்காக வெளியே வரும். மறுபடி தடவ வேண்டும். போகப் போகத் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். இதை வாய் கிழியச் சொன்னேன். ஒருவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ட்யூபைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

காதில் போட்டுக்கொண்டது ஒரே ஒரு பெண். கடற்கரைக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பழகியவள். கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அம்மா மீன் விற்றார். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனு போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 2009ஆம் வருஷப் போட்டியை விட்டால் தாய்மாமன் மகனுக்குக் கல்யாணம் செய்து கொடுப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கணுக்கால் சுளுக்கிக்கொண்டு வந்தபோது என்னிடம் சொன்னாள்.

“அவுரு நல்லவருதான் சார். எனக்கு அவுரு மேல ஒண்ணுமில்ல. ஆனா எனக்குன்னு ஒரு சம்பளம் வேணும் சார்.”

கட்டுப் போட்டு முடித்ததும் கேட்டாள். “அந்தச் செவப்பு காஸ்ட்யூம தொவச்சா எல்லாம் போயிடுமா சார்?”

“துணியிலேருந்து போகும். தோல்லேருந்து போகாது” என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதை வெந்நீரில் ஊறப் போட்டு, சோப்பு போட்டு அடித்துத் துவைத்து, வெயிலில் கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டாள். சாயங்காலம் மாஸ்டர் வந்து பார்த்திருக்கிறான். வீட்டில் இழவு விழுந்த மாதிரி எனக்குப் போன் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பெண்ணாடத்திலிருந்து சேம்பியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வயிறு முன்னால் வந்தது, அவன் பின்னால் வந்தான். காஸ்ட்யூமை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்து மோந்தான்.

“இன்னாது இது, பூ வாசன வருது” என்றான். குரல் உடைந்திருந்தது.

அந்தப் பெண் சுவரோரமாக நின்றாள். ஏன் துவைத்தாய் என்று மாஸ்டர் கேட்டான். “நாறுச்சு மாஸ்டர்” என்றாள். அதைவிடச் சுருக்கமான, அதைவிடச் சரியான மருத்துவ அறிக்கையை நான் கேட்டதில்லை. ஆனால் பழி என்மேல் விழுந்தது. படித்த திமிரில் பெண்பிள்ளையைத் தூண்டிவிட்டேன் என்றார்கள். நான் பூஞ்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். சேம்பியன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“டாக்டர், அதுல என் வேர்வ இருந்துச்சு.”

“வேர்வை மட்டுமாய்யா இருந்துச்சு?” என்றேன்.

ஒரு மணி நேரம் விவாதித்து ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்கள். சேம்பியன் மறுபடியும் அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்து, விட்டுப்போன வியர்வையை மறுபடி ஏற்ற வேண்டும். அவனும் சம்மதித்தான். இரண்டு பேர் பிடித்து இழுத்து அவனை உள்ளே திணித்தார்கள். மூச்சு விட முடியாமல் மேட்டில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உருண்டான். காஸ்ட்யூம் நனைய நனையக் கைதட்டினார்கள். கழற்றும்போது அவன் இடது தோளில், அதே இடத்தில், ஒரு பழைய வளையத்தைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இவன்தான் மூலவன். இதுவரை வந்ததெல்லாம் இவன் பிரசாதம். துவைத்து வெயிலில் காய்ந்து சுத்தமாக இருந்த துணியில் புதிதாக விதைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, பெண்ணாடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அந்தப் பெண் அதைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டெய்லரிடம் சொல்லித் தனக்கென்று சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் தைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கு அவளை அணியிலிருந்து தூக்கிவிட ஆசைதான். அவள் எடைப் பிரிவில் வேறு பெண் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டான்.

மாநிலப் போட்டி 2009இல் சிதம்பரத்தில், ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் நடந்தது. எடை பார்க்கும்போது தோலையும் பார்த்து அனுப்புவது விதி. அந்த வேலைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் வந்தார்கள். தோள்கள் பளபளத்தன. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியாதா? விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வளையத்தின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. ஒவ்வொருவனாக ஒதுக்கினேன். மற்ற மாவட்டத்துக்காரர்கள் மட்டும் யோக்கியமா? அவர்களிடமும் அதே க்ரீம், அதே பளபளப்பு. பாதிப் பேரை நிறுத்தியிருப்பேன். அந்தப் பெண்ணை ஆசிரியை ஒருவரை வைத்துக்கொண்டு பார்த்தேன். கழுத்து, தோள், கை எல்லாம் சுத்தமாக இருந்தன. அவள் பெயருக்கு நேராகச் சரி என்று குறித்தபோது கிடைத்த சந்தோஷம் எனக்கு எந்த மெடலிலும் கிடைத்ததில்லை.

போட்டியை நடத்துகிறவர் ஓடி வந்தார்.

“டாக்டர், நீங்க சொல்றபடி பாத்தா ரெஃபரிங்கதான் ஒருத்தரோட ஒருத்தர் குஸ்தி போடணும்.”

“போடட்டும். அவுங்க தோல் சுத்தமா இருக்கு” என்றேன்.

அரை மணி நேரத்தில் அவருடைய நண்பர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பல் டாக்டர். அவர் எந்தத் தோலைப் பார்த்தாரோ, ஒருவேளை எல்லாரையும் வாயைத் திறக்கச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. டிபன் வருவதற்குள் அத்தனை பேரும் தகுதி பெற்றுவிட்டார்கள். என்னை முதலுதவி மேசைக்கு மாற்றினார்கள். ஐஸ் பெட்டியும் வலி மருந்து ஸ்ப்ரேயும் எனக்குத் துணை.

எங்கள் பையன்கள் முறையாகத் தோற்றார்கள், ஒருவனைத் தவிர. அவனுக்குச் சிவப்பு விழுந்தது, அந்தக் காஸ்ட்யூமைப் போட்டான், வெள்ளி வாங்கிவிட்டான். அதோடு என் வாதம் செத்தது.

அந்தப் பெண் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, அடுத்ததில் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு வந்தாள். எதிரில் இருந்தவள் இவளைவிடக் கையில் நீளம். முதல் சுற்று போய்விட்டது. இரண்டாவதை இவள் எடுத்தாள். கடைசிச் சுற்றில் நேரம் முடியப்போகும்போது, எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எதிராளி தலையில் அழுத்தினாள், கழுத்தில் அழுத்தினாள், இவள் முகம் மேட்டில் தேய்ந்துகொண்டே போனது. இவள் அப்படியே அவளைத் தூக்கிச் சாய்த்துவிட்டாள். நான் முதலுதவி மேசைமேல் ஏறி நின்று கத்தினேன். ஐஸ் பெட்டி கவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. மருத்துவருக்கு அழகில்லைதான். என்ன செய்வது, நானும் அந்தக் கூட்டம்தானே.

திரும்பி வரும் பஸ்ஸில் மாஸ்டர் சிவப்பு காஸ்ட்யூம் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். “பாத்தியா மச்சான், அந்தப் பொண்ணு போடலன்னாலும் அதுக்கும் சேத்து வேல செஞ்சிருக்கு” என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் மனு போட்டாள். வருஷம் திரும்பி, தேர்வுக்குக் கூப்பிட்டு, அதிலும் தேறிவிட்டாள். மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி என்று கேள்விப்பட்டேன். மறுநாள் அவளே கிளினிக்குக்கு வந்தாள். துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். சீருடை போட்டாலும் காலருக்கு மேலே எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம். தேர்வுக்காக அந்தக் கொட்டகையில்தானே விடாமல் பழகியிருக்கிறாள். காஸ்ட்யூமைத் துவைக்கலாம், முப்பது பேரையும் அந்த மேட்டையும் துவைக்க முடியுமா?

“எவ்ளோ நாளாவும் சார்?”

“ஒன்றரை மாசம்.”

“மெடிக்கல் அடுத்த வாரம் சார். தோல் வியாதி இருந்தா ஒதுக்கிடுவாங்கன்னு சொல்றாங்க.”

“இது பெரிய வியாதி இல்லம்மா. நான் அங்க இருக்கிற டாக்டர்கிட்ட பேசுறேன்.”

“வேணாம் சார். எனக்கு மட்டும் யாராச்சும் பேசுனா, என்னியத் தனியா நிக்க வச்சிதான் பாப்பாங்க.” துப்பட்டாவை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். “அந்த க்ரீம எழுதிக் குடுங்க சார்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரிடமும் இல்லாத அறிவு உன்னிடம் இருக்கிறது என்று நினைத்தேனே, கடைசியில் நீயுமா என்று ஆரம்பித்தேன். ஸ்டீராய்டு தோலை என்ன செய்யும் என்று படம் வைத்துக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

“நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருவைக் கடந்து நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். எல்லாரையும் போட்டு வைத்திருந்த அதே கணக்கில் அவளையும் சேர்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தினேன்.

வேலை கிடைத்துவிட்டது. சீருடையில் அவள் எடுத்துக்கொண்ட போட்டோவை மாஸ்டர் கொட்டகையில் மாட்டினான், காஸ்ட்யூம் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்திலேயே. தன்னால்தான் எல்லாம் என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து, 2012 தொடக்கத்தில், ஒரு நாள் காலையில் படியேறி வந்தாள். வெயில் காலம் வரப்போகிறது, முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். உட்கார்ந்து காலரைத் தளர்த்தி, சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டாள். கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் வளையத்துக்குள் வளையமாகப் படர்ந்திருந்தது. நடுவில் தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. அக்குளுக்குப் பக்கத்தில் வரிவரியாகப் பிளந்திருந்தது. நான் படத்தில் காட்டினது அப்படியே இருந்தது.

“நிறுத்துனா வந்துடுது சார். டிரெய்னிங்ல லீவு போட்டா பேட்ச் தள்ளிப் போயிடும். அப்புறம் புதுசா சேந்ததும் லீவு கேக்க பயம். தடவிக்கிட்டே ஓட்டிட்டேன்.”

ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்சு மொத்தமும் என் வாயில் வந்து நின்றது. அவளுக்கும் அது தெரிந்தது.

“திட்டணும்னா திட்டிக்குங்க சார். நான் தெரிஞ்சேதான் பூசுனேன். இப்ப வேல நெரந்தரமாயிடுச்சு. லீவு கேட்டா சம்பளத்தோட குடுப்பாங்க. எத்தன மாசமானாலும் பரவால்ல, சரி பண்ணிடுங்க.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு ஒன்றரை மாதம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொள்ள வழியோடு என்னிடம் வந்த முதல் ஆள் அவள்தான். நான் திட்டவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, கழுத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன்.